கப்பல் வீடும் ஒரு பர்மியச் சொல்லும்

தாமுவே கப்பல் வீட்டைப் பற்றிக் கேட்கிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, அதில் எத்தனை அறை என்றுதான். எனக்கு அறைக் கணக்குத் தெரியாது, ஜன்னல் கணக்குத் தெரியும். முப்பத்தொன்று. ஒன்றரை வருஷம் காலையில் அவற்றைத் திறந்து, சாயங்காலம் மூடி, மழைக்காலத்தில் நடுவில் இன்னும் இரண்டு தரம் ஓடி ஓடி மூடியவள் நான். அந்த நாளிலேயே அது பேய் வீடு என்று பேர் வாங்கியதாம். மாடியில் ஒரு பெண் உருவம் நடப்பதைத் தெருவில் போனவர்கள் பார்த்தார்களாம். அந்தப் பேயும் நான்தான். வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு தனியாக ஒருத்தி ஜன்னல் ஜன்னலாகப் போனால் பார்க்கிறவர்களுக்கு வேறு எப்படித் தெரியும்?

நான் சொல்வது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் ஆரம்பம். தாமுவே அப்போது ரங்கூனுக்கு வெளியே கிடந்தது. பலா மரங்கள், குளங்கள், நடுவில் ஒரு செம்மண் ரோடு. டிராமை விட்டு இறங்கி அரைமணி நேரம் நடந்தால் ரோடு முடிகிற இடத்தில் வீடு நிற்கும். கட்டியவரை எல்லோரும் முதலாளி என்றார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். இராமநாதபுரம் பக்கத்துக் கடற்கரையில் பிறந்தவர். பதினாறு வயதில் கப்பலேறி வந்து துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், நாற்பது வயதில் அதே துறைமுகத்தில் சொந்தமாகச் சரக்குப் படகுகள் விட்டார். அக்கரையில் இருக்கிற தன்லியின் என்ற ஊர்ப் பெண் ஒருவரைக் கட்டிக்கொண்டார். எங்கள் ஆட்கள் அந்த ஊரைச் சிரியம் என்பார்கள், ஆற்றைத் தாண்டினால் போதும். இந்தியாவில் முதல் மனைவியும் பிள்ளைகளும் இருந்தார்கள். இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. அந்தக் காலத்தில் கடலின் இரண்டு பக்கமும் குடும்பம் வைத்திருந்தவர்கள் ரங்கூனில் ஏராளம்.

அந்தப் பர்மிய மனைவிக்காகக் கட்டிய வீடு அது. கீழே செங்கல், மேலே தேக்கு. தேக்கு புதிதாக வாங்கியது இல்லை. துறைமுகத்தில் பழைய கப்பல்களை உடைக்கும்போது நல்ல பலகை, படிக்கட்டு, கதவு என்று பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்தார். மாடிப்படியின் பித்தளைக் கைப்பிடி கப்பலுடையது. படிப் பக்கத்துச் சுவரில் நாலு வட்ட ஜன்னல்கள், அவையும் கப்பலுடையவை. கதவுகளை நிலையோடு பெயர்த்துக் கொண்டுவந்து அப்படியே பதித்துவிட்டார். கப்பல் கதவுக்குக் கீழ்ச்சட்டம் முழங்கால் உயரம் இருக்கும், தண்ணீர் உள்ளே வராமலிருக்கவாம். தாமுவேயில் எந்தக் கடல் பொங்கி வருகிறது? மாடியில் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போக வேலியைத் தாண்டுவதுபோலக் காலைத் தூக்கிப் போடவேண்டும். வந்த விருந்தாளிகளில் பாதிப்பேர் தடுக்கி விழுந்தார்கள். மீதிப்பேர் விழுந்தவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே விழுந்தார்கள்.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது என் கணவர் இறந்த பிறகு. அவர் முதலாளியின் படகுகளுக்குக் கணக்கு எழுதுகிற ரைட்டர். பதினெட்டு வயதில் அவரைக் கட்டிக்கொண்டு ரங்கூன் வந்தேன். மூன்றாம் வருஷம் மழையில் ஜெட்டிக்கும் படகுக்கும் நடுவே வழுக்கி விழுந்து போய்விட்டார். எனக்குத் திரும்பிப் போக இடம் என்று ஒன்று இல்லை. அம்மா இல்லை, அண்ணன் வீட்டில் என்னை எதிர்பார்க்கவும் இல்லை. முதலாளி என்னைக் கூப்பிட்டு, எழுதப் படிக்கத் தெரியுமா என்று கேட்டார். பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும் படித்தேன் என்றேன். "அப்ப தாமுவே வீட்டுல போய் இரும்மா. நான் ஊருக்குப் போற நாளில அவளுக்குத் துணை வேணும், கடுதாசி எழுத ஆளும் வேணும்" என்றார். மறுநாளே ஒரு தகரப் பெட்டியோடு போய் இறங்கினேன். வாசல் சட்டத்தில் தடுக்கித்தான் உள்ளே போனேன்.

வீட்டுக்கார அம்மாவை நான் மமா என்று கூப்பிட்டேன். பர்மியத்தில் அக்கா என்று அர்த்தம். நாற்பதை நெருங்குகிற வயது, நல்ல உயரம், கன்னத்தில் எப்போதும் தனக்கா மரப்பட்டைச் சாந்து, கொண்டையில் ஏதாவது ஒரு பூ. அவருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. பேச்சுத் தமிழ் வரும். அதை முதலாளியிடமும் படகு ஆட்களிடமும் கேட்டுக் கற்றார். ஆகவே அவர் தமிழில் பெண்பாலும் கிடையாது, ஒன்றன்பாலும் கிடையாது. எல்லாம் 'அவன்'தான். மழை வர்றான். பால் பொங்குறான். பூனை குட்டி போட்டுட்டான். என்னைக் கூப்பிடுவது "அடேய் தங்கச்சி". நடுநடுவே படகுத்துறை வசவுகள், அர்த்தம் தெரியாமல், கோயிலில் விபூதி கொடுக்கிறவர் குரலில் வரும். எனக்குக் காது கூசும். திருத்தப் பார்த்தேன்.

"நான் அவன் பேச்சு பேசுறேன். நீ யார் மாத்த?" என்றார்.

அதோடு விட்டுவிட்டேன். அவர் தமிழ் பேசியதால் நான் பர்மியம் கற்றுக்கொள்ளாமலே இருந்துவிட்டேன். கடைக்குப் போனால் வேண்டிய நாலு சொல் தெரியும், அவ்வளவுதான். ஆனால் முதலாளிக்குக் கடிதம் எழுதும்போது, எனக்கு இப்போது பர்மியம் நன்றாக வருகிறது என்று ஒரு வரி சேர்த்துக்கொள்வேன். அந்த வயதுக்கு உரிய வீம்பு. இன்னொருவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவளுக்குத் தான் உபயோகமான ஆள் என்று காட்டிக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது.

இரண்டு வருஷம் நன்றாகவே போனது. மழைக்கு முன்னால் பலகைகளுக்குக் கறுப்பு எண்ணெய் பூச ஆட்கள் வருவார்கள், வீடு முழுக்க அந்த நெடி ஒரு மாதம் அடிக்கும். மத்தியானம் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு மமா வீட்டின் கதையைச் சொல்வார். முதலில் இந்த இடத்தில் வெறும் பலாத்தோப்பு. அவரைக் கூட்டிவந்து நிறுத்தி, இங்கே உனக்கு ஒரு வீடு என்று முதலாளி சொன்னபோது, மரத்தில் காய்த்துத் தொங்குகிறதா என்று இவர் கேட்டாராம். கட்டி முடிக்க இரண்டு மழைக்காலம் பிடித்தது. குடிவந்த அன்று முதலாளி ஒவ்வொரு கதவாகக் காட்டி, இது எந்தக் கப்பல், எந்தத் துறைமுகத்திலிருந்து வந்தது என்று சொன்னாராம். "நான் ஒண்ணும் கேக்கலே. கால் வலிக்கிறான், நான் அவனைத்தான் பார்த்தேன்" என்று சொல்லிச் சிரிப்பார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவர் பேசியதும் இல்லை.

அப்புறம் முதலாளி மகள் கல்யாணத்துக்காக ஊருக்குப் போனார். ஆறு மாதத்தில் வருவதாகப் பேச்சு. கல்யாணம் முடிந்தது என்று ஒரு கடிதம் வந்தது. தோட்டத்தில் ஏதோ வழக்கு என்று இன்னொன்று. மூன்றாவதில், மகனுக்கும் பெண் பார்த்திருக்கிறார்கள், அதையும் முடித்துவிட்டுத்தான் வரமுடியும், இன்னும் ஒரு வருஷம் ஆகலாம் என்று எழுதியிருந்தார். மூன்றையும் மமாவுக்கு வாசித்துக் காட்டியவள் நான். மூன்றாவதை வாசித்து முடித்ததும் மமா கையை நீட்டினார். என் கையிலிருந்த கடிதத்தை வாங்கி மடித்து, கொண்டைப் பூவைச் சரிசெய்துகொண்டு எழுந்துபோனார். எப்போதும் ஒரு பதில் சொல்லி என்னை எழுதச் சொல்வார். அன்றைக்குச் சொல்லவில்லை.

நாலாம் நாள் காலையில் ஒரு பிரம்புப் பெட்டியோடு கீழே இறங்கிவந்தார். வாசலில் குதிரை வண்டி நின்றது. தன்லியினில் இருக்கிற அம்மாவிடம் போவதாகச் சொன்னார். எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை, பெட்டி சின்னதாக இருந்தது. வண்டியில் ஏறப்போனவர் திரும்பி நின்று வீட்டை நிமிர்ந்து பார்த்து, என்றைக்கும் இல்லாத வழக்கமாகப் பர்மியத்தில் சொன்னார்.

"ப்யன்தொமெ."

எனக்கு அந்தச் சொல் தெரியும் என்று நினைத்தேன். கடையில் மீதி கொடு என்பதற்கு 'ப்யன்' வரும். மறுபடி சொல் என்பதற்கும் அதுதான். ஆகவே ப்யன் என்றால் திரும்ப. கடைசியில் வருகிற 'மெ' என்பது செய்வேன், போவேன், வருவேன் எல்லாவற்றுக்கும் பொது. வீட்டுக்கு வந்த பர்மிய விருந்தாளிகள்கூட வாசலில் இதையே சொல்லிவிட்டுப் போய், அடுத்த வாரம் வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். நாம் யாராவது வாசலில் நின்று 'போகிறேன்' என்று சொல்வோமா? வாயில் வராது. 'போய்வருகிறேன்' என்றுதான் சொல்வோம். மமாவும் அதைத்தான் அவருடைய பாஷையில் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

"சரி மமா, சீக்கிரம் வாங்க" என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் வண்டியில் ஏறிவிட்டார்.

அடுத்த மாதம் முதலாளியிடமிருந்து எனக்கே ஒரு கடிதம் வந்தது. படகு மேஸ்திரி சேதி எழுதியிருக்கிறார் போலிருக்கிறது. 'அவள் வீட்டைவிட்டுப் போனதாக அறிந்தேன். போகும்போது என்ன சொன்னாள்? சொன்னதைச் சொன்னபடி எழுது. கோபித்துக்கொண்டு ஒரேயடியாகப் போயிருந்தால், கல்யாணத்தை இவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், நான் அடுத்த கப்பலில் புறப்பட்டு வந்து அவளைக் கூட்டிக்கொள்கிறேன்' என்று இருந்தது. எழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து அவசரமாக ஓடியது.

அன்றே பதில் எழுதினேன். 'மமா திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். கவலை வேண்டாம். கல்யாணத்தை நல்லபடி முடித்துக்கொண்டு வாருங்கள்.' பெரிய மனுஷி மாதிரி அந்தக் கடைசி வரியையும் சேர்த்தேன். அதற்கு அவர், 'சரி. வந்தவுடன் எழுது' என்று மட்டும் ஒரு கார்டு போட்டார்.

பிறகு காத்திருக்க ஆரம்பித்தேன். இரண்டு மாதத்தில் சமையல்காரன் வேறு வீடு பார்த்துக்கொண்டு போனான். ஒருத்திக்குச் சமைக்க அவனுக்கு அலுப்பு. வாசல்காரன் நாலாவது மாதம் போனான். மாதம் ஒருமுறை மேஸ்திரி அரிசியும் பருப்பும் எண்ணெயும் கொண்டுவந்து கீழே இறக்கிவிட்டு, மாடியை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவார். மற்றபடி வாரக்கணக்கில் யாரோடும் பேச்சு இல்லை. தொண்டை மறந்துபோய்விடுமோ என்று பயந்து உரக்கப் பேசிப் பார்ப்பேன். அப்போது வாயில் வந்தது என் தமிழ் இல்லை, மமாவின் தமிழ். 'அடேய், மழை வர்றான், மூடு' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஓடுவேன். தனிமை என்றால் இவ்வளவு வேலை வாங்கும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

மமாவின் அறையைத் தினமும் பெருக்கினேன். பர்மிய வீடுகளில் காவல் தெய்வத்துக்கென்று ஒரு தேங்காயைச் சிவப்புத் துணி சுற்றித் தூணில் தொங்கவிடுவார்கள், வாடினால் புதிது மாற்றவேண்டும். அதையும் நானே மாற்றினேன். அந்தத் தெய்வத்துக்கு என் பாஷை புரியுமோ என்னவோ, மாற்றும்போதெல்லாம், எங்கே உன் வீட்டுக்காரி என்று திட்டுவேன். மழைக்கு முன்னால் எண்ணெய் பூசும் ஆட்களை மேஸ்திரியிடம் சொல்லி வரவழைத்தேன். மமா வரும்போது வீடு கறுகறுவென்று இருக்கவேண்டும். மாதம் தவறாமல் முதலாளிக்கும் எழுதினேன். 'இன்னும் வரவில்லை. வருவார்கள்.' பதில் வரவே இல்லை. வாசிக்கக்கூட நேரமில்லாத பெரிய மனுஷர் என்று எனக்கு ரோஷம் வந்து, ஒரு வருஷத்துக்குப் பிறகு எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

ஆற்றைத் தாண்டிப் போய்ப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். மேஸ்திரிகூடச் சொன்னார், போய்ப் பாரும்மா, சாயங்காலத்துக்குள் திரும்பிவிடலாம் என்று. வீட்டைப் பூட்டிக்கொண்டு நான் போன நேரத்தில் மமா வந்துவிட்டால்? பூட்டிய வாசலில் அவர் நிற்பதை நினைத்தால் எனக்குப் பொறுக்கவில்லை. வருகிறேன் என்று சொன்னவரைத் தேடிப் போவது அவரை நம்பாததுபோல ஆகும் என்றும் ஒரு எண்ணம். இப்படி இரண்டு காரணம் வைத்திருந்தேன். இரண்டுக்கும் அடியில் பயம் இருந்தது என்பது இப்போது தெரிகிறது.

எங்கள் வாசலுக்கு எதிரே மரத்தடியில் மொகிங்கா விற்கிற அம்மாள் ஒருத்தி காலை வேளைகளில் உட்கார்ந்திருப்பாள். சேமியாவின் மேல் மீன் குழம்பு ஊற்றித் தருகிற கடை. நான் மீன் தொடமாட்டேன் என்றாலும் பேச்சுத் துணைக்காக அவள் பக்கத்தில் போய் உட்கார்வேன். அடோ என்று கூப்பிடுவேன், அத்தை என்று பொருள். அவள் பேசுவதில் பாதி எனக்குப் புரியாது, நான் பேசுவதில் முக்கால்வாசி அவளுக்குப் புரியாது. இருவருக்கும் அது பெரிதாகத் தெரியவில்லை. அந்த இரண்டாம் வருஷம் மழை விட்ட சமயம் அவள் தம்பி மகள் பெகுவிலிருந்து வந்து பத்து நாள் தங்கியிருந்தாள். ஒருநாள் காலையில் அந்தப் பெண் மூட்டையோடு வந்து நின்று, "ப்யன்தொமெ, அடோ" என்றாள். அத்தைக்காரி தலையாட்டினாள். பெண் போய்விட்டாள்.

"மறுபடி எப்போது வருவாள்?" என்று என் உடைந்த பர்மியத்தில் கேட்டேன்.

"எதற்கு வருகிறாள்? தன் வீட்டுக்குப் போகிறாள்."

"ப்யன் என்று சொன்னாளே."

அந்த அம்மாள் அகப்பையைக் கீழே வைத்தாள். குழந்தைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாக எனக்குச் சொன்னாள். திரும்பி வருவதென்றால் 'ப்யன் லா', 'லா' என்றால் வருவது. 'லா' இல்லாமல் வெறும் ப்யன் என்றால், வந்த இடத்தை விட்டுத் தன் சொந்த இடத்துக்குத் திரும்பிப் போவது. விருந்துக்கு வந்தவர்கள் அப்படித்தான் விடைபெறுவார்கள். தன் வீட்டை விட்டு வெளியே போகிறவள் ஒருநாளும் அந்தச் சொல்லைச் சொல்லமாட்டாள். "என் வீட்டிலிருந்து சந்தைக்குப் புறப்படும்போது நான் ப்யன் என்று சொன்னால், என் புருஷன் எனக்குப் பைத்தியம் என்பான்" என்று சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. விருந்தாளிகள் அதைச் சொல்லிவிட்டு மறுவாரம் வந்தது அவர்கள் விருந்தாளிகள் என்பதால். மமா பதினாலு வருஷம் வாழ்ந்த வீட்டின் முன்னால் நின்று, விருந்துக்கு வந்தவர் மாதிரி விடைபெற்றுக்கொண்டு போயிருக்கிறார். என்னைப் பார்த்துச் சொல்லவும் இல்லை, வீட்டைப் பார்த்துச் சொன்னார். அதற்கு நான், சீக்கிரம் வாங்க என்று பதில் சொல்லியிருக்கிறேன். முதலாளியோ சொன்னதைச் சொன்னபடி எழுது என்று கேட்டார். அந்தச் சொல்லை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதி அனுப்பியிருந்தால் போதும். நாற்பது வருஷம் ரங்கூனில் இருந்த மனிதருக்கு அது பார்த்தவுடன் புரிந்திருக்கும், அடுத்த கப்பலில் வந்திருப்பார். நான்தான் எனக்குப் பர்மியம் வரும் என்று காட்ட மொழிபெயர்த்து அனுப்பினேன். அன்று வீட்டுக்குள் போய் முதல் அறைச் சட்டத்தில் உட்கார்ந்தவள், மத்தியானம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் வீட்டைப் பூட்டினேன். ஆற்று லாஞ்சில் ஏறித் தன்லியினுக்குப் போய், கேட்டுக் கேட்டு மமாவின் வீட்டைக் கண்டுபிடித்தேன். மூங்கில் தட்டி வைத்த சின்ன வீடு, மரக்கால்கள் மேல் நின்றது. அவருடைய அம்மா இறந்து சில மாதம் ஆகியிருந்தது. மமா தனியாகத் தரையில் உட்கார்ந்து சுருட்டுச் சுற்றிக்கொண்டிருந்தார். கொண்டையில் பூ இல்லை. என்னைப் பார்த்ததும், "அடேய் தங்கச்சி, இளைச்சுட்டான்" என்றார். அந்தத் தமிழைக் கேட்டவுடன் எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சுற்றுவதை நிறுத்தவில்லை. முதலாளி கடிதம் போட்டதைச் சொன்னபோதுதான் கை நின்றது.

"அவன் கேட்டானா?"

"கேட்டார், மமா. ஒரேயடியாப் போயிருந்தா அடுத்த கப்பல்ல வர்றேன்னு எழுதியிருந்தார். நான்தான் தப்பா எழுதிட்டேன்."

"எத்தனை தரம் கேட்டான்?"

"ஒரு தரம்."

"அப்புறம்?"

"சரி, வந்தவுடன் எழுதுன்னு ஒரு கார்டு. அதுக்கப்புறம் கடுதாசியே இல்லை."

அவர் மறுபடியும் ஓர் இலையை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தார். "ஒரு தரம் கேட்டான். நீ ஒண்ணு சொன்னே. அவன் சரின்னு உக்காந்துட்டான். ஒன்றரை வருஷம். உன் தப்பு இல்லே தங்கச்சி. வர்றவன் கேக்கமாட்டான், வருவான்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. நான் அதைப் பார்த்தேன். அவருக்கும் அத்தனை நாளும் ஒரு கேள்வி இருந்திருக்கிறது, அதற்குப் பதில் கிடைத்துவிட்டது என்று தோன்றியது. உண்மையை முதலாளிக்கு இப்போதாவது எழுதட்டுமா என்று கேட்டேன். "உன் பேர்ல எழுது. என் பேர் வேண்டாம்" என்றார்.

தாமுவேக்கு வந்து எழுதினேன். இந்தத் தடவை ஒரு வார்த்தையையும் மாற்றவில்லை. வீட்டைப் பார்த்து 'ப்யன்தொமெ' என்று சொன்னார்கள், எனக்குப் பர்மியம் தெரியாது, தெரிந்ததாக எழுதியது பொய், மமா தன்லியினில் தனியாக இருக்கிறார்கள் என்று எழுதித் தபாலில் போட்டேன்.

ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. கையெழுத்து வேறு. முதலாளியின் மகன் எழுதியிருந்தார். அப்பா காலமாகி நாலு மாதம் ஆகிறது, மேஸ்திரிக்கும் இப்போதுதான் எழுதியிருக்கிறோம். கல்யாணம் முடிந்த கையோடு பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் குழறிவிட்டது. தாமுவே வீட்டை விற்க ஏற்பாடு செய்திருக்கிறோம், மாதக் கடைசிக்குள் சாவியை மேஸ்திரியிடம் ஒப்படைக்கவும். இவ்வளவும் சுருக்கமாக எழுதிவிட்டு, முடிக்கும் முன்னால் ஒரு வரி சேர்த்திருந்தார். 'ரங்கூன் தபால் வருகிற நாளிலெல்லாம், அவள் வந்துவிட்டதாகக் கடிதம் வந்ததா என்று அப்பா கேட்டார். உங்கள் கடிதங்களை வாசித்துக் காட்டுவோம். அந்த வீட்டுக்குப் பதில் எழுத எங்களுக்கு மனம் வரவில்லை.'

வீட்டை ஒரு மரவியாபாரி வாங்கினார். குடியிருக்க இல்லை, பலகைக்காக. நான் இருக்கும்போதே மாடியைப் பிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். கதவுகளை நிலையோடு பெயர்த்து மாட்டுவண்டியில் ஏற்றினார்கள். எந்தக் கப்பலின் கதவு எது என்று சொல்ல அந்த இடத்தில் யாரும் இல்லை. சாவியை மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டு, தகரப் பெட்டியையும் அந்தக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு லாஞ்சில் ஏறினேன்.

மமாவின் எதிரில் உட்கார்ந்து வாசித்தேன். இறந்த சேதி வந்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டார், அழவில்லை. வீட்டை விற்ற சேதிக்குத் தலையை ஆட்டினார். அந்தக் கடைசி வரி வந்ததும் நான் நின்றேன். அவருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. அதை விட்டுவிட்டுக் கடிதத்தை மடித்தால் உலகத்தில் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ஒரு தரம்தான் கேட்டான் என்ற நிம்மதியோடு அவர் மிச்ச காலத்தை ஓட்டிவிடுவார். இரக்கப்பட்டு விட்டுவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் போன தடவையும் நான் எனக்குத் தோன்றியதைத்தான் எழுதினேன். இந்தத் தடவை இருந்ததை இருந்தபடி வாசித்தேன்.

"மறுபடி வாசி" என்றார்.

வாசித்தேன். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். மூன்றாவது தரம் வாசித்து முடித்ததும் நகர்ந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, 'கேட்டார்' என்ற சொல்லைக் காட்டச் சொல்லிக் காகிதத்தின் மேல் விரலை வைத்தார்.

"இதுல எங்கே இருக்கான்?" என்றார்.

அவர் விரலைப் பிடித்து அந்தச் சொல்லின் மேல் வைத்தேன். வெகுநேரம் அங்கேயே வைத்திருந்தார்.

அதுதான் அவர் பேசி நான் கேட்ட கடைசித் தமிழ். எனக்குப் போக்கிடம் இல்லை என்று தெரிந்து தன்னோடேயே இருக்கச் சொன்னார், அதையும் பர்மியத்தில்தான் சொன்னார். பதினொரு வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தோம். சுருட்டுச் சுற்ற எனக்குக் கற்றுக்கொடுத்தார். காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுத்தார். திட்டினார், சிரித்தார். எல்லாம் பர்மியத்தில். நான் தமிழில் கேட்டால் பர்மியத்தில் பதில் வரும், கொஞ்ச நாளில் நானும் தமிழில் கேட்பதை விட்டுவிட்டேன். அது என் மேல் கோபமா, முதலாளியை நினைத்துத் துக்கமா என்று கேட்க ஆரம்பத்தில் எனக்குப் பர்மியம் போதவில்லை. போதுமான அளவு வந்தபோது கேட்கத் தைரியம் வரவில்லை.